நிறுத்தும் நாளையும் எழுதுங்கள்

அன்புள்ள தம்பிக்கு,

ஆமத்தூர்ப் பக்கம் மனநல மருத்துவராகப் பணியைத் தொடங்கியிருக்கிறீர்கள். உங்களைத் தேடி வருபவர்களில் பலர் பட்டாசு, தீப்பெட்டி, அச்சகத் தொழிலாளர்கள். இருதுருவ மனநோய்க்கு முக்கிய மருந்தோடு தூக்க மருந்தையும் சேர்த்துக் கொடுக்கும்போது அவர்களுடைய வேலையையும் நீங்கள் நினைக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

மேனியா ஏறிய ஒருவரை அழைத்து வரும்போது அவர் தூங்கிப் பல நாள் ஆகியிருக்கும். வீட்டாரும் கண் மூடியிருக்க மாட்டார்கள். லித்தியம் நன்றாக வேலை செய்ய ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். அதுவரை தாங்கத்தான் லோராசெபாம், குளோனசெபாம் ஆகிய தூக்க மருந்துகள். தேவையானவருக்குத் தயங்காமல் கொடுங்கள். தூக்கம் கெடக் கெட மேனியா இன்னும் ஏறும். ஆனால் இவை சுவர் இறுகும்வரை நிற்கும் சாரம் மட்டுமே. மனநிலையை நிலைநிறுத்துவது லித்தியம், வால்ப்ரோயேட் போன்றவைதான்.

ஊசி போட்டே ஆக வேண்டிய அவசரத்துக்கு நம் மண்ணிலேயே சான்று இருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் கொந்தளிப்போடு வந்த 200 பேரிடம் நடந்த ஆய்வு 2004இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு லோராசெபாம், மற்றவர்களுக்கு ஹாலோபெரிடாலும் புரோமெத்தசினும். நான்கு மணி நேரத்தில் இரு பிரிவிலும் 96 சதவீதம் பேர் அமைதியாகியிருந்தார்கள் அல்லது தூங்கியிருந்தார்கள். தூங்கியவர்கள் மட்டும் லோராசெபாம் பிரிவில் 45 சதவீதம், மற்றதில் 76. அடங்குவது வேறு, உறங்குவது வேறு. எது வேண்டும் என்று தீர்மானித்துவிட்டு ஊசியை எடுங்கள். குடித்துவிட்டு வந்தவருக்கு லோராசெபாம் மூச்சையே அமுக்கிவிடலாம். ஊசிக்குப் பிறகு மூச்சையும் நாடியையும் கவனிக்க ஆள் இல்லாத இடத்தில் அதைப் போடாதீர்கள்.

இனி பட்டாசு ஆலைக்கு வருகிறேன். குளோனசெபாம் ரத்தத்தில் பாதியாகக் குறையவே 30 முதல் 40 மணி நேரம் ஆகும். இரவில் விழுங்கியவரின் கை காலையிலும் மந்தமாகவே இருக்கும். அந்தக் கையோடு அவர் பட்டாசுக்கான மணிமருந்து அறைக்குள் போனால், ஓர் உராய்வு போதும். அவரோடு பக்கத்தில் இருப்பவர்களும் போய்விடுவார்கள். "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்காமல் மாத்திரை எழுதாதீர்கள். மந்தம் தெளியும்வரை பட்டாசு மருந்து வேலையும் வேண்டாம், பைக்கும் வேண்டாம் என்று அவரிடம் நேராகச் சொல்லுங்கள். நோயின் பெயரை அவர் சம்மதம் இல்லாமல் ஃபோர்மேனிடம் சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அந்த ரகசியத்தைக் காக்கிறது. வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி கிடையாது என்பதையும் மறக்காதீர்கள். தூக்க மருந்தின் நாள் குறையக் குறைய அந்த வீட்டின் இழப்பும் குறையும்.

லித்தியம் எடுப்பவருக்கு நடை தள்ளாடி நாக்கு குழறினால், தூக்க மாத்திரையின் வேலை என்று விட்டுவிடாதீர்கள். வெயிலில் வியர்த்து உடம்பில் நீர் வற்றினாலும், வலிக்கு டைக்ளோஃபெனாக் விழுங்கினாலும் லித்தியம் நஞ்சாகும் அளவுக்கு ஏறலாம். அன்றே ரத்தத்தில் அளவு பாருங்கள்.

நீடித்த பழக்கம் அடுத்த ஆபத்து. சில வாரங்களிலேயே உடம்பு இந்த மாத்திரையைக் கேட்கத் தொடங்கும். சட்டென்று நிறுத்தினால் தூக்கம் போகும், வலிப்புகூட வரலாம். அந்தத் தூக்கமின்மையை மேனியா திரும்பிவிட்டது என்று எண்ணி, பழைய மாத்திரையையே மறுபடி எழுதுபவர்கள் உண்டு. படிப்படியாகக் குறையுங்கள். பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் வாங்க வேண்டாம் என்று எச்சரியுங்கள். ஒரு வாரத்துக்கு மேலான மாத்திரையைக் கையில் கொடுக்காதீர்கள். சோற்றில் கலந்து கொடுக்கலாமா என்று வீட்டார் கேட்டால் சம்மதிக்காதீர்கள். தெரியாமல் மந்தமானவர் மணிமருந்தைத் தொடக்கூடும்.

தம்பி, தூக்க மருந்தைத் தொடங்கும் அன்றே அதை நிறுத்தும் தேதியையும் சீட்டில் எழுதுங்கள். நோயாளிக்கும் வீட்டாருக்கும் அதை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் மூத்த சக மருத்துவர்