மன்றத்தில் ஒரு மருத்துவர்

நுழையும்முன்

கரும்பலகையில் எழுதியது தெரியாமல் கண்ணைச் சுருக்கிப் பார்க்கும் மாணவனை வகுப்பறை 'கவனமில்லாதவன்' என்கிறது. காது சரியாகக் கேளாத மாணவி 'மந்தம்' என்று பெயர் பெறுகிறாள். குறை கண்ணிலா, கருத்திலா என்று பிரித்தறிய ஆசிரியரால் மட்டும் இயலாது. அங்கே ஒரு மருத்துவரும் வேண்டும். பள்ளிக்கு மருத்துவரை அனுப்புவது யார் பொறுப்பு? ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பு சென்னைச் சட்ட மன்றத்தில் இந்த வினாவை எழுப்பியவரைப் பற்றியது இப்பாடம்.

பூவிருந்தவல்லி

சென்னையிலிருந்து மேற்கே பெங்களூருச் சாலையில் செல்வோர் பூந்தமல்லியைக் கடந்தே செல்ல வேண்டும். திருக்கச்சி நம்பிகள் தோன்றிய ஊர் என்று வைணவ மரபு போற்றும் பூவிருந்தவல்லியே பேச்சு வழக்கில் பூந்தமல்லி ஆயிற்று. இவ்வூருக்கு வேறு சில சிறப்புகளும் உண்டு. பார்வைத்திறன் குறையுடைய மாணவர்களுக்கான அரசு மேல்நிலைப்பள்ளி இங்கு உள்ளது. ஆறு புள்ளிகளின் அமைப்பால் ஆகிய பிரெய்ல் எழுத்தை விரல் நுனியால் தடவி, பிற மாணவர் படிக்கும் அதே தமிழை அவர்களும் படிக்கின்றனர். பார்வைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் இவ்வூரில் இயங்குகிறது. சுகாதாரப் பணியாளருக்குப் பயிற்சி அளிக்கும் பொது சுகாதார நிறுவனமும் இங்கேயே உள்ளது.

நோய் வராமல் காப்பது ஒரு பணி. குறையோடு வாழும் குழந்தைக்குக் கல்வி தருவது மற்றொரு பணி. இவ்விரண்டும் அரசின் கடமைகள் என்று இன்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அறம் செய்வோரின் இரக்கத்தை நம்பியிருந்த ஒரு காரியம் அரசின் வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு வரியாக இடம்பெற வேண்டுமானால், அதற்காக மன்றத்தில் எவரேனும் எழுந்து பேசியாக வேண்டும். அவ்வாறு பேசிய முன்னோடி டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

மருத்துவமனையிலிருந்து மன்றத்துக்கு

முத்துலட்சுமி 1886ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி, தாய் சந்திரம்மாள். ஆடவர் மட்டுமே பயின்ற புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் எதிர்ப்புகளுக்கிடையே சேர்ந்து படித்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் பட்டம் பெற்றார். மகப்பேற்று மருத்துவமனையிலும் கண் மருத்துவமனையிலும் அவர் பயிற்சி மருத்துவராகப் பணியாற்றினார்.

இவ்விரு துறைகளின் சேர்க்கை கருதத்தக்கது. அக்காலத்தில் பிறவிக் குருடு என்று கருதப்பட்ட பலவும் பிறவியில் வந்தவை அல்ல. பேற்றின்போது தாயிடமிருந்து குழந்தையின் கண்ணில் தொற்றும் கிருமி, சில நாள்களில் பார்வையைப் பறித்துவிடும். பிறந்தவுடன் கண்ணைத் தூய்மை செய்து வெள்ளி நைட்ரேட்டுச் சொட்டு மருந்தை இட்டால் இதைத் தடுக்கலாம் என்பதை 1880களிலேயே கார்ல் கிரேடே என்னும் ஜெர்மானிய மருத்துவர் காட்டியிருந்தார். உயிர்ச்சத்து 'ஏ' குறைவால் தத்தித் தத்தி நடக்கும் பருவத்துக் குழந்தைகளின் கருவிழி மென்மையாகிச் சிதைவதும் உண்டு. முதலாவதற்குப் பயிற்சி பெற்ற மருத்துவச்சி போதும். இரண்டாவதற்குக் கீரையும் பாலும் போதும். பார்வை போனபின் எந்த மருத்துவமனையாலும் அதை மீட்க முடியாது. ஊர் முழுவதற்கும் மருத்துவச்சியையும் உணவையும் உறுதிசெய்வது தனி மருத்துவர் ஒருவரின் கைக்குள் அடங்குவதன்று.

சென்னை மாகாணத்தில் பெண்கள் சட்ட மன்றத்தில் இடம்பெறும் வாய்ப்பு 1926இல் ஏற்பட்டது. அவ்வாண்டுத் தேர்தலில் போட்டியிட்ட கமலாதேவி சட்டோபாத்தியாயர் குறைந்த வாக்குகளில் தோற்றார். இந்திய மாதர் சங்கம் முத்துலட்சுமியின் பெயரை முன்மொழிய, அரசு அவரை நியமன உறுப்பினர் ஆக்கியது. பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்ட மன்ற உறுப்பினர் அவரே. மன்றம் அவரைத் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுத்தது.

தெரிந்து தெளிவோம்

1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாகாணங்களில் இரட்டையாட்சி நடைபெற்றது. கல்வி, பொது சுகாதாரம் ஆகியவை மன்றத்துக்குப் பொறுப்பான அமைச்சர்களிடம் இருந்தன. நிதியும் காவலும் ஆளுநரின் நிருவாகக் குழுவினரிடம் இருந்தன. பள்ளி வேண்டும் என்று அமைச்சர் ஒப்பினாலும் பணத்துக்கு வேறொருவரை நாட வேண்டிய நிலை! உறுப்பினர் கொண்டுவரும் தீர்மானம் நிறைவேறினாலும் அது அரசுக்குப் பரிந்துரை மட்டுமே.

பள்ளிக்கு வந்த மருத்துவம்

இத்தகைய வரம்புகளுக்குள் நின்றுதான் முத்துலட்சுமி பேசினார். நகராட்சிகளும் பிற உள்ளாட்சி அமைப்புகளும் நடத்தும் கல்விக்கூடங்களில் மாணவர்களுக்கு முறையான மருத்துவச் சோதனை நடைபெற வேண்டும் என்று வலியுறுத்தினார். இங்கிலாந்தில் இம்முறை 1907ஆம் ஆண்டுச் சட்டத்தால் கட்டாயமாக்கப்பட்டிருந்தது. தென்னாப்பிரிக்கப் போருக்கு ஆள் எடுத்தபோது இளைஞர் பலர் உடல் தகுதியற்றவராய் இருந்தது அந்நாட்டை அதிரச் செய்தது. அதன் பிறகே அங்குப் பள்ளிப் பிள்ளைகளின் பல்லையும் கண்ணையும் பார்க்கத் தொடங்கினர். போர்வீரர் தேவைக்காகப் பிறந்த முறை அது. முத்துலட்சுமி அதைப் பிள்ளைகளின் தேவைக்காகவே கேட்டார் என்பது சிறிய வேறுபாடு அன்று.

மருத்துவச் சோதனை என்பது எடையும் உயரமும் குறித்துக்கொள்வதோடு முடிவதில்லை. பார்வைக் குறைவு, காதில் சீழ், சொத்தைப்பல், தொண்டைச் சதை வளர்ச்சி, இரத்தச் சோகை, குடற்புழு ஆகியவை தொடக்கநிலையிலேயே கண்டறியப்படும். இவற்றுள் பெரும்பாலானவை எளிதில் தீர்க்கக்கூடியவை. ஆயினும், கண்டறிந்த குறையைப் பெற்றோருக்குத் தெரிவித்து, மருத்துவமனைக்கு அனுப்பி, கண்ணாடியோ மருந்தோ கிடைக்கச் செய்யாவிட்டால் சோதனை வெறும் பதிவேடாகிவிடும். நம் நாட்டில் இத்திட்டம் தொய்வடைந்த இடங்களில் எல்லாம் தொய்ந்தது இக்கடைசிக் கண்ணியே.

மற்றொரு சிக்கலும் இருந்தது. அக்காலப் பெற்றோர் தம் பெண்மக்களை ஆண் மருத்துவர் சோதிப்பதை விரும்பமாட்டார்கள். எனவே மாணவியரின் நலத்துக்குப் பெண் மருத்துவர் தேவை. பெண் மருத்துவர் உருவாகப் பெண்கள் உயர்கல்வி பெற வேண்டும். அதற்குச் சிறுமியர் பள்ளியில் நிலைக்க வேண்டும். பள்ளியில் நிலைக்கக் குழந்தைத் திருமணம் ஒழிய வேண்டும். ஒன்றைத் தொட்டால் மற்றவை தாமே அசையும் சங்கிலி இது. முத்துலட்சுமியின் கோரிக்கைகள் பல திசைகளில் சிதறியவை போலத் தோன்றுவதும் அவை ஒன்றாகவே இருப்பதும் இதனால்தான்.

பெண்ணின் திருமண வயது 16, ஆணின் திருமண வயது 21 என்றேனும் உயர வேண்டும் என அவர் பரிந்துரைத்தார். 1929இல் நடுவண் மன்றத்தில் நிறைவேறிய சாரதா சட்டம் அதனை முறையே 14, 18 என வரையறுத்தது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவ வசதி வேண்டும் என்று அவர் கேட்டதன் விளைவாக மகப்பேற்று மருத்துவமனையில் குழந்தைகளுக்கென ஒரு பிரிவு திறக்கப்பட்டது. இசுலாமிய மாணவியருக்கு விடுதியும் ஒடுக்கப்பட்ட சமூக மாணவியருக்கு உதவித்தொகையும் அவர் முயற்சியால் கிடைத்தன.

ஹார்டாக் குழு

இந்தியக் கல்வியை ஆராய அமைக்கப்பட்ட ஹார்டாக் குழுவில் முத்துலட்சுமி உறுப்பினராக இருந்தார். 1929இல் வெளிவந்த அக்குழுவின் அறிக்கை இரண்டு சொற்களால் நினைவுகூரப்படுகிறது: வீணாதல், தேங்குதல். படிப்பை முடிக்குமுன் பள்ளியை விட்டு நிற்பது வீணாதல். ஒரே வகுப்பில் ஆண்டுக்கணக்கில் இருப்பது தேங்குதல். பள்ளியில் சேர்ந்தோரின் எண்ணிக்கையைக் கண்டு மகிழ்ந்திருந்த காலத்தில், அவர்களுள் எத்தனை பேர் எழுத்தறிவோடு வெளியேறுகிறார்கள் என்று அக்குழு கேட்டது. பெண்கல்விக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் கூறியது. தேங்கி நின்ற குழந்தைகளுள் கண் தெரியாதவரும் காது கேளாதவரும் பசித்தவரும் எத்தனை பேர் என்று எண்ண ஒரு மருத்துவருக்குத் தோன்றாமல் இருந்திராது.

சட்டம் முடிந்த இடத்தில்

தேவதாசி முறைக்கு எதிராக அவர் நடத்திய போராட்டத்தைப் பலரும் அறிவர். கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்பட்டவர்கள் சிறுமியர் என்பதால் அதுவும் குழந்தைகளின் உரிமைப் போராட்டமே. 1929இல் இந்து சமய அறநிலையச் சட்டத்தில் திருத்தம் வந்தது. முழுமையான தடைச் சட்டம் 1947இல்தான் வந்தது.

1930இல் காந்தியடிகள் கைது செய்யப்பட்டதைக் கண்டித்து முத்துலட்சுமி மன்றப் பதவியைத் துறந்தார். அவர் மன்றத்தில் இருந்த காலம் நான்கு ஆண்டுகளை எட்டவில்லை. பொட்டுக்கட்டும் வழக்கத்திலிருந்து தப்பி வந்த சிறுமியருக்கு விடுதிகளில் இடம் கிடைக்கவில்லை. அவர்கள் முத்துலட்சுமியின் இல்லத்துக்கே வந்தனர். சட்டம் ஒரு கதவை மூடுகிறது. மறுகதவைத் திறக்க ஒரு வீடு வேண்டியிருக்கிறது. அவ்வாறு பிறந்ததே அவ்வை இல்லம். உணவும் உறைவிடமும் தந்ததோடு அச்சிறுமியரைப் படிக்கவைத்து ஆசிரியராகவும் செவிலியராகவும் ஆக்குவது அதன் நோக்கம். மன்றத்தில் அவர் ஆற்றிய உரைகளைவிட இவ்வில்லமே அவரை நன்கு விளக்குகிறது எனலாம். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அவர், 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தோற்றுவித்தார். 1956இல் பத்மபூஷண் விருது பெற்றார், 1968இல் மறைந்தார்.

விடுபட்ட குழந்தைகள்

அக்கால மன்றத்தில் 'பள்ளிக் குழந்தை' என்ற சொல் எல்லாக் குழந்தைகளையும் குறிக்கவில்லை. பார்வையற்ற, செவித்திறனற்ற குழந்தைகளின் கல்வி பெரும்பாலும் சமயத் தொண்டர்கள் கையிலேயே இருந்தது. பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்கும் ஸ்வெய்ன்சன் அம்மையார் செவித்திறனற்றோருக்கும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பள்ளிகள் தொடங்கியிருந்தனர். பின்னர்ச் சென்னைச் சட்ட மேலவையில் உறுப்பினராக இருந்த மேரி கிளப்வாலா ஜாதவ், தொண்டுச் சங்கத்தின் வழியாக அறிவுசார் குறைபாடுடைய குழந்தைகளுக்கெனப் பால விகார் என்னும் இல்லத்தை உருவாக்கினார்.

இரக்கம் உரிமையாக மாற நெடுங்காலம் ஆயிற்று. 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை ஏற்றது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதனை 21 ஆக விரித்தது. நாற்பது விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடுடைய குழந்தை, 6 வயது முதல் 18 வயது வரை, அருகமைப் பள்ளியிலோ தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிக் கல்வி பெறலாம். 1970 முதல் குழந்தைகளுக்கு உயிர்ச்சத்து 'ஏ' வழங்கப்படுகிறது. 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் நேரில் சென்று பிறவிக் குறைபாடு, சத்துக்குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் ஆகியவற்றைக் கண்டறிகின்றனர். கருவுற்ற ஏழை மகளிருக்குத் தமிழ்நாடு அரசு வழங்கும் மகப்பேறு நிதியுதவித் திட்டம் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரைத் தாங்கியுள்ளது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளிக்கு மருத்துவக் குழு கடைசியாக வந்தது எப்போது? கண்ணாடி தேவை என்று கண்டறியப்பட்டோருள் எத்தனை பேருக்கு அது கிடைத்தது? தலைமையாசிரியரிடம் கேட்டறிந்து ஒரு பக்க அறிக்கை எழுதுக.

2. இப்பாடத்தின் ஒரு பத்தியைப் பார்வைத்திறன் குறையுடைய நண்பர் கேட்டுப் படிப்பதற்கு ஏற்பத் தெளிவாக வாசித்துப் பதிவு செய்க.

3. உங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினருக்கு, சாய்தளம் இல்லாத ஒரு பள்ளிக் கட்டடம் குறித்து விண்ணப்பம் வரைக.