எண்ணிக்கையில் அகப்படாத நோயாளிகள்

இயற்பியல் ஆய்வகத்தில் கைகர் எண்ணியைக் கையாளும் மாணவர் முதலில் ஒரு செய்தியை அறிந்துகொள்ள வேண்டும். அக்கருவி தன்னுள் புகும் காமாக் கதிர்கள் அனைத்தையும் எண்ணுவதில்லை. ஏறத்தாழ நூற்றில் ஒன்றையே எண்ணுகிறது. ஆகவே கருவி காட்டும் எண் வேறு, வந்த கதிர்களின் எண் வேறு. ஒரு நாட்டில் நோயாளிகளை எண்ணும்போதும் இதே நிலைதான். பரம்பரையாக வரும் இரத்தம் உறையாமை நோயைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

காயம் பட்டால் சிறிது நேரத்தில் இரத்தம் உறைந்துவிடுகிறது. இதற்கு இரத்தத்திலுள்ள பல புரதங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செயல்பட வேண்டும். இவற்றை உறைதல் காரணிகள் என்பர். எட்டாம் காரணி குறைந்தால் ஹீமோபிலியா ஏ. ஒன்பதாம் காரணி குறைந்தால் ஹீமோபிலியா பி. இவ்விரண்டின் ஜீன்களும் எக்ஸ் குரோமோசோமில் உள்ளன. ஆண்களுக்கு ஓர் எக்ஸ் குரோமோசோம் மட்டுமே உண்டு. அதில் குறையிருந்தால் ஈடுசெய்ய மற்றொன்று இல்லை. எனவே இந்நோய் பெரும்பாலும் ஆண்களையே தாக்குகிறது.

இனிக் கணக்குக்கு வருவோம். பிரிட்டன், பிரான்சு, கனடா முதலிய ஆறு நாடுகளின் பதிவேடுகளை ஆராய்ந்து 2019-இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. அதன்படி ஒரு லட்சம் ஆண்களில் சுமார் 17 பேருக்கு ஏ வகையும், 4 பேருக்கு பி வகையும் உள்ளன; ஆக 21 பேர். இந்நோய் எல்லா இனத்தவரிடையேயும் தோன்றுவதால் இவ்விகிதத்தை நம் நாட்டுக்கும் பொருத்திப் பார்க்கலாம். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்திய ஆண்கள் சுமார் 62 கோடி, அதாவது 6,200 லட்சம். 6,200 × 21 = 1,30,200. ஆனால் 2020-ஐ ஒட்டி நம் நாட்டில் பதிவு பெற்றிருந்தோர் ஏறத்தாழ 20,000 பேரே. ஆறேழு பேரில் ஒருவர்தான் கணக்கில் அகப்பட்டார்!

மற்றவர்கள் எங்கே? சிலருக்கு நோய் மிதமானது. பல் பிடுங்கும்போதோ அறுவைச் சிகிச்சையின்போதோதான் அது வெளிப்படும். மேலும், நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஜீனில் புதிதாக ஏற்பட்ட மாறுதலே காரணம். அவர்கள் குடும்பத்தில் முன்பு யாருக்கும் இந்நோய் இருந்திராது. ஆதலால் ஐயமே எழுவதில்லை. காரணிகளை அளக்கும் வசதியும் எல்லா ஊர்களிலும் இல்லை.

இன்னொரு விடையும் உண்டு. அதே ஆய்வின்படி, பிறக்கும் ஆண் குழந்தைகளில் லட்சத்துக்குச் சுமார் 30 பேருக்கு இந்நோய் இருக்கிறது. ஆனால் எல்லா வயதினரையும் சேர்த்து எண்ணினால் 21 பேரே. மருத்துவ வசதி மிக்க நாடுகளிலேயே ஆயுள் குறைந்ததால் வந்த இழப்பு இது. சிகிச்சை கிட்டாத இடங்களில் இழப்பு இன்னும் மிகுதி. ஆகவே நம் கணக்கில் விடுபட்ட லட்சத்துக்கு மேற்பட்டோர் அனைவரும் எங்கோ உயிருடன் இருக்கிறார்கள் என்று கொள்ள முடியாது. அவர்களுள் ஒரு பகுதியினர், நோயின் பெயர்கூடத் தெரியாமல் சிறு வயதிலேயே இறந்தவர்கள்.

பெண்களுக்கு உறையாமை நோய் வராது என்று எண்ணிவிட வேண்டாம். 1924-இல் ஃபின்லாந்தைச் சேர்ந்த ஓலாந்துத் தீவிலிருந்து அழைத்துவரப்பட்ட ஐந்து வயதுச் சிறுமியிடம் மருத்துவர் எரிக் ஃபான் வில்லிபிராண்டு வேறொரு நோயைக் கண்டார். இது இருபாலரையும் தாக்கும். 1987-இல் வெளியான இத்தாலிய ஆய்வு ஒன்றில் 1,218 பள்ளிச் சிறுவர் சிறுமியரைச் சோதித்தபோது நூற்றுக்கு ஒருவருக்குச் சற்றுக் குறைவாக இந்நோய் காணப்பட்டது. பெரும்பாலோருக்கு இது மிதமானதே. எனினும் மாதவிலக்கில் மிகுதியாக இரத்தம் போகும் பெண்கள் அதனை இயல்பென்று எண்ணிப் பேசாதிருந்துவிடுகிறார்கள்.

எத்தனை பேர் என்று தெரிந்தால்தான் எவ்வளவு மருந்து வேண்டும் எனத் திட்டமிட முடியும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஹீமோபிலியா சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆனால் கண்டறியப்படாதவருக்குச் சட்டத்தால் என்ன பயன்?

மாணவர்களே, சிறு காயத்திலும் நெடுநேரம் இரத்தம் கசிதல், அடிபடாமலே மூட்டு வீங்கி வலித்தல், அடிக்கடி உடலில் நீலத் தழும்பு தோன்றுதல் ஆகியவற்றை உங்கள் வீட்டிலோ வகுப்பிலோ கண்டால் அரசு மருத்துவமனையில் காட்டச் சொல்லுங்கள். கருவி எண்ணத் தவறியதை நாம் எண்ணலாம்.