கோயில் எந்தத் திசை பார்க்கிறது? பயணத்தில் கட்டடங்களைப் படமெடுக்க ஒரு வழிகாட்டி

பயணத்தில் கட்டடங்களைப் படமெடுக்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் எந்த கேமரா, எந்த லென்ஸ் என்றே விசாரிக்கிறார்கள். முதலில் விசாரிக்க வேண்டியது வேறு: அந்தக் கட்டடம் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது? மனிதரைப் படமெடுக்கும்போது கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லலாம். கட்டடத்தைத் திருப்ப முடியாது. நாம்தான் வேறு நேரத்தில் வர வேண்டும், அல்லது வேறு பக்கம் போய் நிற்க வேண்டும். ஆகவே கட்டடப் படத்தின் பெரும்பகுதி கேமராவைக் கையில் எடுப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. ஊருக்குக் கிளம்பும் முன் வரைபடத்தில் கட்டடத்தின் முகப்பு எந்தத் திசை என்று பார்த்து, அதற்கேற்ப அன்றைய பொழுதைப் பிரித்துக்கொள்வதுதான் முதல் வேலை.

தஞ்சைப் பெரிய கோயிலை எடுத்துக்கொள்வோம். 1010-இல் முதலாம் ராஜராஜன் கட்டி முடித்த இந்தக் கோயில் கிழக்கு நோக்கியது. நாம் நுழையும் வாசல்களும் கிழக்கில்தான். காலையில் உள்ளே வருகிறவருக்கு வெயில் முதுகுப்பக்கம் இருக்கும், விமானத்தின் முன்முகம் துலங்கும். மாலையில் அதே இடத்தில் நின்றால் சூரியன் விமானத்துக்குப் பின்னால் இறங்கும். வானம் வெளுத்து, கல் வெறும் கறுப்பாகும். மாலையில் வருகிறவர் வாசலருகே நேரம் போக்காமல் நேராக மேற்குத் திருச்சுற்றுக்குப் போய்விட வேண்டும். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலில் கணக்கு தலைகீழ். அங்கே மக்கள் மேற்கிலிருந்து வருகிறார்கள், கோயிலுக்குப் பின்னால் கடல். சூரிய உதயத்தில் அங்கிருந்து கிடைப்பது கோயிலின் நிழலுருவம்தான். கல்லின் தேய்மானமும் சிற்பங்களும் தெரிய வேண்டுமானால் பிற்பகலில் போக வேண்டும்.

நாளின் நேரம் மட்டும் போதாது, மாதமும் முக்கியம். தஞ்சாவூர் ஏறக்குறைய 11 பாகை வட அட்சரேகையில் இருப்பதால் மே, ஜூன் மாதங்களில் சூரியன் நாள் முழுவதும் வடக்கே ஒதுங்கியே செல்கிறது. அப்போது தெற்குச் சுவருக்கு நேர் வெயிலே கிடையாது. மார்கழியில் வடக்குச் சுவருக்கு அதே நிலை. கோடை விடுமுறையில் போகிறவர் வடக்குச் சுவரையும், அரையாண்டு விடுமுறையில் போகிறவர் தெற்குச் சுவரையும் முதன்மையாக வைத்துக்கொள்வது நல்லது. பயணக் கட்டுரைகளில் அதிகம் பேசப்படாத இந்த ஒரு விவரம், விலை உயர்ந்த எந்த லென்ஸையும்விடப் படத்துக்கு உதவும்.

அடுத்தது நிற்கும் தூரம். உயரமான கட்டடத்தை அருகில் நின்று எடுக்கும்போது கேமராவை மேலே சாய்க்கிறோம்; உடனே செங்குத்துக் கோடுகள் உச்சியை நோக்கிக் கூம்புகின்றன. கேமரா சுவருக்கு இணையாக இல்லாததுதான் காரணம். சாய்க்காமல் முழு உயரத்தையும் பிடிக்க வேண்டுமானால், கைபேசியின் சாதாரண லென்ஸை நிமிர்த்திப் பிடித்து, கட்டடத்தின் உயரத்தைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பின்னால் போக வேண்டும். படத்தின் கீழ்ப்பாதியில் தரை நிறையும், வேண்டாததை வெட்டிக்கொள்ளலாம். தஞ்சை விமானம் அறுபது மீட்டருக்கு மேல், ஆக தொண்ணூறு மீட்டராவது தேவை. வடக்கு, தெற்கு, மேற்குத் திருச்சுற்றுகளோ விமானத்தின் நடுவிலிருந்து அறுபது மீட்டர் அளவில்தான் இருக்கின்றன. முற்றத்தின் மூலைக்கு ஒதுங்கினால்தான் இன்னும் இருபது, இருபத்தைந்து மீட்டர் கிடைக்கும். ஏறக்குறைய தேவையான தூரம் அது. மே மாத மாலையில் வடமேற்கு மூலையில் நின்றால் மேற்கு முகம் முழு வெயிலிலும், வடக்கு முகம் சாய்வான வெயிலிலும் தெரியும். குறுக்கே வரும் சுப்பிரமணியர் சன்னதியைத் தவிர்க்கவே வேண்டாம். அதன் அளவோடு ஒப்பிடும்போதுதான் விமானத்தின் பிரம்மாண்டம் கண்ணுக்குப் புலப்படும். மனிதர்கள் நடந்து போவதும் அப்படியே. ஆள் விலகட்டும் என்று காத்திருப்பதைவிட, சரியான இடத்தில் ஓர் ஆள் வரும்வரை காத்திருப்பது மேல்.

கூம்பிய கோடுகளை மென்பொருளில் நிமிர்த்திக்கொள்ளலாமே என்று கேட்கலாம். கொஞ்சம் சாய்ந்திருந்தால் அது நியாயமான வழிதான். சாய்வு அதிகமானால் படத்தின் மேற்பகுதியை மென்பொருள் இழுத்து விரிக்கிறது. உச்சியில் நுணுக்கம் குறைகிறது, இரண்டு ஓரங்களும் வெட்டுப்படுகின்றன. நம் கோயில்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கோபுரமும் விமானமும் இயல்பாகவே மேலே குறுகுபவை. அவற்றின் விளிம்பைப் பார்த்து நிமிர்த்தினால் கோபுரம் வீங்கிவிடும். கொடிமரத்தையோ மண்டபத் தூணையோ அளவாக வைத்துத்தான் திருத்த வேண்டும். எல்லாவற்றையும் நிமிர்த்தத்தான் வேண்டுமா என்றால், இல்லை. அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்க்கும் மலைப்பைக் காட்டுவது நோக்கமானால் நன்றாகவே சாய்க்கலாம். ஒன்றோ அரையோ பாகை சாய்ந்த படம்தான் கவனக்குறைவாகத் தோன்றும்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: சுற்றுலாப் பேருந்தில் போகிறவருக்கு நேரத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எங்கே? உண்மைதான். ஆனால் திசை தெரிந்தவர் நடுப்பகலிலும் கைவிரித்து நிற்க மாட்டார், எடுக்கும் பொருளை மாற்றிக்கொள்வார். உச்சிவெயிலில் முழுக் கட்டடத்தை விட்டுவிட்டுத் திருச்சுற்று மாளிகைக்குள் போகலாம். முற்றத்துத் தரையில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் அங்கே தூண்களில் மென்மையாகப் படியும். மேகமூட்டத்தில் வண்ணச் சுதைகளை எடுக்கலாம். அடித்தளத்துக் கல்வெட்டுகளுக்கு மட்டும் சுவரை உரசிச் செல்லும் பக்கவாட்டு வெயில் வேண்டும். நேர் வெளிச்சத்தில் எழுத்துகள் மங்கிப்போகும். வெயிலில் எடுக்கும்போது திரையில் மிகப் பிரகாசமான பகுதியைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள். நிழலைப் பின்னால் ஓரளவு மீட்கலாம், வெளுத்துப்போன வானத்தை மீட்க முடியாது. விளக்கேற்றிய பிறகு வானம் நீலமாக இருக்கும் நேரம் நம் பக்கம் ஏறக்குறைய இருபது நிமிடம்தான். அதற்கான இடத்தைப் பகலிலேயே பார்த்து வைத்திருக்க வேண்டும்.

அனுமதியையும் கிளம்பும் முன்பே விசாரித்துவிடுங்கள். தமிழ்நாட்டுக் கோயில்களில் கைபேசிக்குத் தடை விதிக்கும்படி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது; மதுரை மீனாட்சி அம்மன் கோயிலில் கைபேசியை வெளியே ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அங்கே கோபுரங்களைச் சித்திரை வீதிகளிலிருந்து எடுப்பதே வழி. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் முக்காலிக்கு முன் அனுமதி தேவை. கருவறையைப் படமெடுக்க எங்கும் முயல வேண்டாம்.