பத்தியாத்தோவின் இசைச் சோதனைகள்
– இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே ஆய்வுக்கூடத்தில் சுரமானியின் அளவு புத்தகத்தோடு ஒவ்வாவிட்டால், மதிப்பெண் குறையுமே என்றஞ்சி எண்ணைத் திருத்திவிடுவேன். சோதனை என்றால் என்ன என்பதை எனக்கு உணர்த்தியவர் ஓர் இத்தாலிய இசைக்கலைஞர்: பிராங்கோ பத்தியாத்தோ (1945–2021).

சிசிலியில் பிறந்த இவர் முதலில் சாதாரணக் காதல் பாடல்களே பாடினார். பின்னர் வி.சி.எஸ். 3 என்னும் மின்னொலிக் கருவியை நாடினார். அதில் மூன்று அலையியற்றிகள் உண்டு. பலகையில் சிறு முளைகளைச் செருகி இணைப்பை மாற்றினால் புதுப்புது ஒலிகள் பிறக்கும். ‘கரு’ எனப் பொருள்படும் 1972ஆம் ஆண்டு இசைத்தட்டு இதயத்துடிப்போடு தொடங்குகிறது. 1973இல் வந்த இசைத்தட்டின் முதற்பாடல் 16 நிமிடம் நீள்கிறது. அதன் பெயரே ‘தொடர்களும் அதிர்வெண்களும்’!

1978இல் ‘மணலுக்கு முந்தைய எகிப்து’ வெளிவந்தது. பியானோவில் ஒரே சுரக்கோவை. பிறகு அது தேய்ந்து அடங்கும் ஓசை. மீண்டும் அதே கோவை. முதல் நாள் பொறுமையிழந்து நிறுத்திவிட்டேன். மறுநாள் இரவின் அமைதியில் கேட்டபோது, தேயும் ஓசைக்குள் மேற்சுரங்கள் ஒவ்வொன்றாய்ப் புலப்பட்டன. கேட்போர் விரும்புவார்களா என்று பாராமல், ஒலி என்ன செய்கிறதோ அதை அப்படியே விட்டிருக்கிறார்!

இதே மனிதரின் 1981ஆம் ஆண்டு இசைத்தட்டு இத்தாலியில் 10 இலட்சத்துக்கு மேல் விற்றது.

சென்ற வாரம் ஒவ்வாத அளவை அப்படியே ஏட்டில் எழிதிவிட்டுக் காரணம் தேடினேன். எடைத்தாங்கியின் எடையைக் கூட்ட மறந்திருந்தேன். திருத்தி எழுதியிருந்தால் அதை அறிந்திருக்கவே மாட்டேன். நண்பர்களே, நாமும் காதைத் தீட்டிக்கொள்வோம். கணக்கைத் திருத்த வேண்டாம்!