சுமக்கும் அணு

மாடமாளிகை ஒன்றைக் காண்போர் அதன் அழகை வியப்பர். அதனைத் தாங்கி நிற்கும் செங்கற்களை நினைப்போர் சிலரே. மனித உடலும் ஒரு மாளிகையே. அதன் செங்கற்கள் உயிரணுக்கள். செங்கல்லுக்கு உயிர் இல்லை. உயிரணுவோ தானே உணவு கொண்டு, தன் தொழிலைத் தானே செய்யும் ஆற்றலுடையது.

1665ஆம் ஆண்டில் இராபர்ட் ஊக் என்னும் ஆங்கில அறிஞர், தக்கையின் மெல்லிய சீவலொன்றை உருப்பெருக்கிக் கருவியில் வைத்து நோக்கினார். தேனடையின் கண்களைப் போன்ற சிற்றறைகள் தோன்றின. அவற்றிற்குச் சிற்றறை எனப் பொருள்படும் 'செல்' என்னும் பெயரை அவர் இட்டார். அவர் கண்டவை உயிர் நீங்கிய வெற்றறைகள். செடிகள் உயிரணுக்களால் ஆனவை என்று 1838இல் சிலைடனும், விலங்குகளும் அத்தகையனவே என்று 1839இல் சுவானும் கூறினர். இருவரும் செருமானிய அறிஞர்.

பொதுவாக, உயிரணுவைச் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. உள்ளே கூழ் போன்ற பொருளும், அதனிடையே அணுவின் செயல்களை ஆளும் உட்கருவும் உள்ளன. ஆயினும் எல்லா அணுக்களும் ஒரே வடிவின அல்ல. தோலின் அணுக்கள் தட்டையாகி, ஒன்றோடொன்று நெருங்கி உடலைப் போர்த்துகின்றன. தசையின் அணுக்கள் நீண்டு, சுருங்கி விரிகின்றன. முதுகின் கீழ்ப்பகுதியிலிருந்து பாதம் வரை நீளும் நரம்பணுக்களும் உண்டு. ஒரு தொழிலைச் செய்யக் கூடிய அணுக்களின் தொகுதி திசு எனப்படும். போர்த்தும் திசு, இணைப்புத் திசு, தசைத் திசு, நரம்புத் திசு எனத் திசுக்கள் நால்வகைப்படும். ஓடும் குருதியும் இணைப்புத் திசுவின் ஒரு வகையே.

குருதியில் உள்ள சிவப்பணுவின் வரலாறு வியப்புக்குரியது. ஏறத்தாழ 130 சிவப்பணுக்களை வரிசையாக வைத்தால்தான் ஒரு மில்லிமீட்டர் நீளம் ஆகும். எலும்பு மஜ்ஜையில் தோன்றும்போது அதற்கும் உட்கரு உண்டு. குருதியோட்டத்தில் கலக்குமுன் அதனை அது வெளியே தள்ளிவிடுகிறது. அவ்விடத்தையும் ஈமோகுளோபின் என்னும் செந்நிறப் பொருளே நிரப்புகிறது. நுரையீரலில் உயிர்வளியைப் பற்றி, உடலெங்கும் கொண்டு சேர்ப்பது அப்பொருளே. உயிர்வளியைப் பயன்படுத்தும் உறுப்புகளையும் அவ்வணு இழந்துவிடுவதால், தான் சுமக்கும் உயிர்வளியில் சிறிதும் தனக்கெனக் கொள்வதில்லை! உட்கரு இன்மையால் அது பெருகவும் இயலாது. ஏறத்தாழ 120 நாள் உழைத்து அழிகிறது. அதற்கு ஈடாக நொடிக்குச் சுமார் 20 இலட்சம் புதிய சிவப்பணுக்கள் தோன்றிய வண்ணம் உள்ளன.

ஈமோகுளோபின் உண்டாவதற்கு இரும்புச்சத்து இன்றியமையாதது. அது குறையுமாயின் சோகை என்னும் நோய் உண்டாகும். சோகையுற்ற மாணவனுக்குப் படியேறினால் மூச்சு வாங்கும். பாடத்தில் மனம் பதியாது. அவனைச் சோம்பேறி என்று கடிந்துகொள்வோரும் உளர். உண்மையில் அவன் உறுப்புகள் உயிர்வளிக்கு ஏங்குகின்றன. வளரும் பருவத்தினர்க்கு, அவருள்ளும் பெண்மக்களுக்கு, இந்நோய் மிகுதி. கீரை, பயறு, மீன், இறைச்சி ஆகியவற்றில் இரும்புச்சத்து உண்டு. உணவோடு நெல்லிக்கனியோ எலுமிச்சையோ சேர்த்தால் அச்சத்து உடலில் நன்கு சேரும். களைப்பு நீங்காதாயின் மருத்துவரிடம் காட்டிக் குருதியைச் சோதித்தல் வேண்டும்.

தனக்கென ஒன்றும் கொள்ளாது உழைக்கும் சிவப்பணு, உடலிடம் வேண்டுவது சிறிதளவு இரும்பே. அதனை மறவாது அளித்தல் உடையவன் கடமையாகும்.