கொல்லிமலை இறக்கத்தில் பிரேக் சூடாகிறதா?

சோளக்காட்டிலிருந்து காரவள்ளி அடிவாரம் வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போதல்ல, இறங்கும்போதுதான் பிரேக்குக்குச் சோதனை.

1. கிளம்பும் முன் பிரேக் பேடைப் பாருங்கள். 3 மி.மீ.க்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். மெலிந்த பேட் சூட்டைச் சீக்கிரம் பிரேக் ஆயிலுக்குக் கடத்தும்.

2. பிரேக் ஆயில் ஊற்றி 2 ஆண்டு ஆகிவிட்டதா? மாற்றுங்கள். ஈரம் ஏறிய ஆயில் சூட்டில் கொதித்துக் குமிழி விடும். பெடல் பொதக்கென்று தரைவரை போகும். பெரிய டிஸ்க் மாட்டுவதெல்லாம் கோவை கரி ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் ஓட்டுகிறவர்களுக்கு. மலைக்கு இந்தச் செலவே போதும்.

3. இரண்டாம் கியரில் இறங்குங்கள். இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். நியூட்ரல் கூடவே கூடாது.

4. மிதித்தபடியே வராதீர்கள். வளைவுக்கு முன் அழுத்தி, விட்டுவிடுங்கள். இடையில் டிஸ்க் ஆறும்.

5. கருகல் வாடை வந்தால் ஓரங்கட்டி ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் கோணிவிடும்.