சிறுகளவும் பெருங்கேடும்

வைகைக் கரையில் விளங்கும் மதுரை, தொன்றுதொட்டு வாணிகத்தால் சிறந்த நகரம் ஆகும். பகலில் கூடிய நாளங்காடியும், இரவில் கூடிய அல்லங்காடியும் அந்நகரில் இருந்தமையை மாங்குடி மருதனார் இயற்றிய மதுரைக்காஞ்சி எடுத்துரைக்கின்றது. நள்ளிரவில் கள்வரைத் தேடித் திரிந்த ஊர்க்காவலரின் திறமும் அந்நூலில் பேசப்படுகின்றது. அங்காடி உள்ள இடத்தில் காவலும் வேண்டும் என்பதைப் பழந்தமிழர் நன்கு அறிந்திருந்தனர்.

இக்காலத்தும் மதுரையில் பெருங்கடைகள் பல உள்ளன. ஆயினும், ஏழை எளியோர் நாள்தோறும் நாடுவது தெருமுனையில் உள்ள சிறிய மளிகைக் கடையையே ஆகும். நெசவாளர் வாழும் செல்லூர் போன்ற பகுதிகளில், கூலி கைக்கு வருமுன் அரிசியும் பருப்பும் வேண்டுவோர் உண்டு. கடைக்காரர் அவர்கள் பெயரில் பற்று எழுதிப் பொருளைக் கொடுப்பார். கூலி கிடைத்த நாளில் அக்கடன் தீரும். பத்திரமும் இல்லை, சாட்சியும் இல்லை, நம்பிக்கை ஒன்றே அதற்கு ஈடு.

இத்தகைய கடையில் ஒருவன் ஒரு சோப்புக் கட்டியைக் களவாடுகின்றான் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் அதனை 45 ரூபாய்க்கு வாங்கி, 50 ரூபாய்க்கு விற்பவர். ஒரு கட்டிக்குக் கிடைக்கும் ஆதாயம் 5 ரூபாயே. எனவே, களவுபோன ஒன்றன் முதலை மீட்பதற்கே அவர் மேலும் 9 கட்டிகளை விற்றாக வேண்டும். அந்த ஒன்பதின் உழைப்பும் வீணே அன்றோ?

களவு தொடர்ந்தால் கடைக்காரர் என் செய்வார்? முன்புறம் கம்பி வலை அடிப்பார். விலையைச் சிறிது உயர்த்துவார். பற்று எழுதுவதை நிறுத்துவார். அதற்கும் மேல் தாங்க இயலாதபோது கடையை மூடுவார். அதன்பின், கால்படி அரிசிக்கும் முதியோர் நெடுந்தொலைவு நடக்க நேரும். எடுத்தவன் ஒருவன்; இழந்ததோ ஊர்.

பொருளிழப்பினும் கொடியது ஒன்று உண்டு. அதுவே ஐயம். களவு மிகுந்த தெருவில், கந்தலாடை உடுத்த சிறுவன் கடையேறினால் எல்லார் கண்ணும் அவன் கையையே நோக்கும். அவன் கொண்டுவந்த காசை ஒருவரும் நோக்கார். ஆராயாத ஐயம் எத்தகைய கேட்டை விளைக்கும் என்பதை மதுரை அறியும். அரசியின் சிலம்பைக் கவர்ந்தவன் பொற்கொல்லன். கொலையுண்டவனோ தன் மனைவியின் சிலம்பை விற்க வந்த கோவலன். பிழையை உணர்ந்த பாண்டியனும் உயிர் துறந்தான். நகரும் எரிக்கு இரையாயிற்று என்று சிலப்பதிகாரம் கூறும்.

ஆதலின், குற்றத்தைத் தடுத்தலும் வேண்டும்; குற்றவாளியைத் திருத்தலும் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்னும் சட்டம் இதற்கு வழி செய்கின்றது. திருடிய பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, முதன்முறையாகக் குற்றத்தீர்ப்புப் பெற்றவன் அப்பொருளையோ மதிப்பையோ திருப்பித் தருவானாயின், சமூகத் தொண்டே அவனுக்குத் தண்டனையாகும்.

சட்டம் பொருளை மீட்டுத் தரலாம். அறுந்த நம்பிக்கையை மீண்டும் பிணைப்பது அத்தெருவில் வாழ்வோர் கடன். யாரும் காணாத இடத்தும் பிறர் பொருளைத் தீண்டாத கையே கடைக்கு உற்ற காவலாகும்.